ஓட்டை இலைச் செடியை உடனே வந்து எடுத்துப் போகவும்

கோவில்பட்டி,
வியாழக்கிழமை.

கோயம்புத்தூரில் தாவரவியல் பேராசிரியராக விளங்கும் மூத்த மருமகப்பிள்ளை கிருஷ்ணகுமார் அவர்களுக்கு, மாமனார் தங்கப்பாண்டியன் ஆசிகள் பல கூறி எழுதிக்கொள்வது. கடவுள் அருளால் நீங்களும் மகள் ஜெயப்பிரியாவும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதுவதுதான் முறை என்பதால் எழுதியிருக்கிறேன். அதை நீங்கள் நம்ப வேண்டியதில்லை.

கையில் போன் இருக்கும்போது மாமா எதற்காகக் கடிதம் எழுதுகிறார் என்று நீங்கள் நினைப்பீர்கள். போனில் பேசினால் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீங்கள் பாடம் நடத்த ஆரம்பித்துவிடுவீர்கள். நானும் "சரிங்க மாப்பிள்ளை, சரிங்க மாப்பிள்ளை" என்று தலையாட்டி, கடைசியில் என்ன கோபத்தில் போன் போட்டேன் என்பதே மறந்து, "வேற ஒண்ணுமில்ல, அங்கன மழை உண்டுமா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். இதுவரை அப்படித்தான் நடந்திருக்கிறது. கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. ஆகவே நான் சொல்லி முடிக்கும்வரை நீங்கள் வாயைத் திறக்காமல் கேட்க வேண்டியது. விஷயம் உங்கள் செடியைப் பற்றியது. அந்தச் செடியால் உங்கள் கொழுந்தியாள் காவியாவின் கல்யாணம் இன்றைக்கு அந்தரத்தில் நிற்கிறது.

முதலில் இருந்தே வருகிறேன். தலைத்தீபாவளிக்கு வந்த இடத்தில், ஊர் உலகத்து மாப்பிள்ளைகள் எல்லாம் மோதிரம் லேசாக இருக்கிறதென்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்க, நீங்கள் எதையும் கேட்காமல், காரின் பின்பக்கத்தைத் திறந்து ஒரு செடித்தொட்டியை இறக்கினீர்கள். "மாமா, இது மான்ஸ்டெரா. மெக்சிகோ காட்டுல மரத்தைப் பிடிச்சு ஏறுத கொடி" என்றீர்கள். இப்படி ஒரு மாப்பிள்ளையா என்று அன்றைக்கு எனக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று. இன்றைக்குச் சொல்கிறேன், நீங்கள் மோதிரமே கேட்டிருக்கலாம்.

பின்பக்கம் தண்ணீர்த் தொட்டிக்கும் குளியலறைச் சுவருக்கும் நடுவில், வெயில் நேரே விழாத இடமாகப் பார்த்துத் தென்னைநார் சுற்றிய கம்பு ஒன்றை நட்டு, அதன் காலடியில் செடியை வைத்தீர்கள். நான் ஆசையாக நாகலாபுரத்துக் காட்டில் இருந்து ஒரு கூடை கரிசல் மண் கொண்டுவந்து நின்றேன். நீங்கள் கையைக் குறுக்கே நீட்டி, "இந்த மண்ணு ஆகாது மாமா, தண்ணியைப் பிடிச்சு வச்சுக்கிடும், வேரு அழுகிப் போகும்" என்றீர்களே, நினைவிருக்கிறதா? எனக்குச் சுருக்கென்றது. இந்த மண்ணில் பருத்தி விளைந்தது, கம்பு விளைந்தது, மிளகாய் விளைந்தது, இப்போது மக்காச்சோளம் விளைகிறது, உங்கள் மனைவியும் இந்த மண்ணில்தான் விளைந்தாள். அப்படிப்பட்ட மண் இந்தச் செடிக்கு ஆகாதாம், தேங்காய்நார்த் தூளும் மரப்பட்டைத் துண்டும்தான் ஆகுமாம். உங்கள் கார் தெருமுனை திரும்பியதும் நான் அந்தக் கூடையை அப்படியே தொட்டியில் கவிழ்த்தேன். அந்த மாதமே இலை மஞ்சளடித்தது. காவியா உட்கார்ந்து அத்தனை மண்ணையும் கரண்டியால் தோண்டி எடுத்தாள். கூடையைப் பிடித்துக்கொண்டது நான்தான்.

அப்புறம் செடி தேறியது. தேறியதும் இலையில் ஓட்டை விழ ஆரம்பித்தது. முதலில் வந்த இலைகள் வெற்றிலை மாதிரி முழுசாகத்தான் இருந்தன. பிறகு வந்தவை சுருட்டி வைத்த பாய் மாதிரி முளைத்து, விரிந்து பார்த்தால் நரம்புக்கு நரம்பு பொத்தல், ஓரமெல்லாம் கிழிசல். ஒரு இலையைக் கிள்ளிக்கொண்டு பூச்சிமருந்துக் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் இலையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "என்ன பயிரு அண்ணாச்சி?" என்றார். "தெரியாது, மருமகப்பிள்ளை வச்சது" என்றேன். "படைப்புழுதான். மக்காச்சோளத்துல இப்படித்தான் சல்லடையாத் தின்னு வச்சிருக்கும்" என்று மருந்து கொடுத்தார். அடித்தேன். வீட்டுப் பெண்கள் அந்தப் பக்கம் குளிக்கப் போக முடியாமல் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னை ஏசினார்கள். அடுத்த இலை அதைவிட அதிக ஓட்டையோடு வந்தது. தினமும் விடிந்ததும் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இலைக்கு அடியில் குனிந்து புழுவைத் தேடினேன். இல்லாத புழு எப்படிக் கிடைக்கும்? கடைசியில் உங்களுக்குப் போன் போட்டால் நீங்கள் சிரிக்கிறீர்கள். "ஓட்டை விழுந்தாத்தான் செடி நல்லா வளர்ந்திருக்குன்னு அர்த்தம் மாமா. மேல இருக்க இலை, கீழ இருக்க இலைக்கு வெளிச்சத்தை விடுது" என்றீர்கள். எந்த ஊரில் ஐயா ஓட்டை விழுந்தால் நல்லது? கூரையில் விழுந்தால் நல்லதா, வேட்டியில் விழுந்தால் நல்லதா? இதை நீங்கள் செடி வைத்த அன்றே சொல்லியிருக்க வேண்டாமா?

அதோடு முடிந்ததா? ஒரு நாள் காலையில் உங்கள் அத்தை முத்துமாரியம்மாள் பின்பக்கம் இருந்து, "ஏங்க, தொட்டி ஒழுகுது, வந்து பாருங்க" என்று கத்தினாள். போய்ப் பார்த்தால் தரை சொதசொதவென்று நனைந்திருக்கிறது. பிளம்பர் வந்தார், தொட்டியின் வெளிப்பூச்சைப் பாதிக்குக் கொத்தினார், ஒழுகல் எங்கேயும் இல்லை. அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது அவர் மூக்கின்மேலேயே ஒரு சொட்டு விழுந்தது. இலை நுனியில் இருந்து சொட்டுகிறது! குழாய் சொட்டினாலே தெரு கூடி நிற்கிற ஊரில் இலை சொட்டுகிறது! அதற்கும் உங்களிடம் பதில் இருந்தது. வேர் உறிஞ்சிய தண்ணீரில் மிஞ்சியதை ராத்திரி இலை நுனி வழியாக வெளியே விடுமாம். குடத்தைத் தூக்கிக்கொண்டு லாரியை எதிர்பார்த்து நாங்கள் நிற்கிறோம், இதற்கு மட்டும் குடித்தது போக மிச்சம்! கொத்திய தொட்டி இன்னும் பூசாமல் கிடக்கிறது.

பிறகு அந்த வேர்கள். மண்ணுக்குள் இருக்க வேண்டிய வேர் தண்டில் இருந்து புறப்பட்டுத் தாம்புக்கயிறு மாதிரி தொங்குகிறது. ஒன்று சுவரைக் கவ்வுகிறது, ஒன்று வாளிக்குள் போகிறது, ஒன்று குளியலறை ஜன்னல் வழியாக உள்ளே தலையை நீட்டி உங்கள் அத்தையின் தோளைத் தொட்டிருக்கிறது. அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு இட்லிச் சட்டி கவிழ்ந்ததாகச் சொன்னார்கள். கொடியின் கொட்டத்தை அடக்கப் பருத்திக்குச் செய்வது மாதிரி நுனியைக் கிள்ளிவிட்டேன். பருத்தி என்றால் பணிந்து பக்கத்தில் காய் வைக்கும். இது இரண்டு தலையாக வெடித்து, ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே என்று தொட்டி மேலேயே ஏறிவிட்டது.

இவ்வளவையும் நான் பொறுத்துக்கொண்டேன். மாப்பிள்ளை வைத்தது, வீட்டுக்கு வந்த மூத்த மருமகன் கைராசி என்று பொறுத்தேன். ஆனால் அதன்பின் அது கதிர் விட்டது. அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

முதலில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளையாக ஒரு மடல் விரிந்தது. அதற்கு நடுவில் விறைப்பாக ஒரு தண்டு. தெருப் பெண்கள் நாகம் படமெடுத்த மாதிரி இருக்கிறதென்று சொல்லிக் குங்குமம் வைத்துவிட்டுப் போனார்கள். சில நாளில் மடல் காய்ந்து விழ, நடுவில் இருந்தது மட்டும் பச்சையாக நின்றது. பார்த்ததும் எனக்கு மேல் சிலிர்த்தது. கட்டம் கட்டமாக, வரிசை பிசகாமல் மணி பிடித்த கதிர்! மாப்பிள்ளை, நான் வாலிபத்தில் இருந்து தானியக் கமிஷன் கடை நடத்துகிறவன். விளாத்திகுளம் வட்டாரத்தில் எந்தக் காட்டு மக்காச்சோளம் என்றாலும் தங்கப்பாண்டியன் நகம் பட்டுத்தான் வண்டி ஏறும். மணியை நகத்தால் கீறினால் பால் தெறிக்க வேண்டும். பால் இருந்தால் சுடலாம், மாவாகிவிட்டால் அவிக்கலாம், நகம் இறங்காவிட்டால் காயப்போட்டுச் சாக்கில் கட்டலாம். இது குழந்தைக்கும் தெரியும். உங்கள் செடியின் கதிரோ வருஷம் திரும்பியும் பச்சையாகவே நின்றது. மாதம் ஒருமுறை நகம் வைத்துப் பார்த்தேன். இந்தப் பங்குனியில் கீறியபோது சாறு பிசுபிசுவென்று வந்தது. பால் பிடித்துவிட்டது என்று முடிவு கட்டினேன். விரல் கொஞ்சம் நமைத்தது. கொசு கடித்திருக்கும் என்று வேட்டியில் தேய்த்துக்கொண்டேன்.

இந்த நேரத்தில்தான் காவியாவுக்கு விளாத்திகுளத்தில் இருந்து சம்பந்தம் வந்தது. மிளகாய் வத்தல் வியாபாரி இசக்கிதுரை அண்ணாச்சியின் ஒரே மகன் யோகராஜ். பையன் மின்வாரியத்தில் பொறியாளர். ஜாதகம் பொருந்திற்று, குடும்பம் தெரிந்த குடும்பம். இசக்கிதுரை அண்ணாச்சியைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். அவர் நாக்குதான் அவருடைய தொழில். ஒரு வத்தலைக் கிள்ளி நாக்கில் வைத்தாரென்றால், முண்டு ரகமா, சம்பா ரகமா, எந்த ஊர்க் காடு, இந்த வருஷத்துச் சரக்கா, போன வருஷத்து இருப்பா, எல்லாம் சொல்லிவிடுவார். மீதி நேரத்தில் அந்த நாக்கு பேசிக்கொண்டே இருக்கும். அவர் வீட்டில் வேறு யாரும் வாய் திறந்து நான் பார்த்ததில்லை, திறக்க இடம் கிடைத்திருக்காது.

போன ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்தார்கள். அண்ணாச்சி, அவர் மனைவி சுடலைச்செல்வி, பையன், மூன்றே பேர். காவியா எப்போதும் கிடைத்ததைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்த ஓடுகிறவள், அன்றைக்கு மூன்று தடவை புடவை மாற்றினாள். நான் பார்க்காத மாதிரிப் பார்த்துக்கொண்டேன். கடம்பூர் போளி வைத்தோம், காபி வைத்தோம். பெண்ணைப் பார்த்ததும் சுடலைச்செல்வியின் முகம் மலர்ந்தது. பையன் தரையைப் பார்த்தான், அப்புறம் பெண்ணைப் பார்த்தான், மறுபடி தரையைப் பார்த்தான். அண்ணாச்சி மட்டும் மழை, வத்தல் விலை, அவர் கல்யாணத்தில் பந்தல் சரிந்தது என்று பேசிக்கொண்டே இருந்தார். கடைசியாகத் தொண்டையைச் செருமிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். எங்கள் பக்கத்தில் பையனின் தகப்பனார் தன் வாயால் "எங்களுக்குச் சம்மதம்" என்று சொல்லி வெற்றிலைத் தட்டைத் தொட வேண்டும். அந்த வாய்ச்சொல் விழாமல் எதுவும் உறுதி கிடையாது. அவர் தட்டின்மேல் கையைக் கொண்டுபோய், "அப்போ தங்கப்பாண்டியன், சொல்லிருதேன்" என்றார். மாப்பிள்ளை, அந்தச் சொல் அவர் உதட்டு வரைக்கும் வந்துவிட்டது. நான்தான், "அண்ணாச்சி, ஒரு நிமிஷம், வாயி இனிச்சாச்சு, நம்ம வீட்டு முதல் கதிரையும் கடிச்சிட்டுச் சொல்லுங்க" என்று நிறுத்தினேன்.

என் குடும்பத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். எது விளைந்தாலும் முதல் கதிரை வீட்டு ஆட்கள் தொடக்கூடாது. சாமி முன்னால் வைத்து எடுத்து, வீடு தேடி வந்த விருந்தாளிக்குக் கொடுக்க வேண்டும். என் தகப்பனார் காலத்தில் கம்பங்கதிர், என் காலத்தில் மக்காச்சோளம். மருமகன் வைத்த செடியின் முதல் கதிரை, அடுத்த சம்பந்தம் பேச வருகிறவர்களுக்குக் கொடுத்தால் எவ்வளவு பொருத்தம் என்று நான் விடியற்காலையிலேயே அறுத்து வைத்திருந்தேன். காவியா பார்த்துவிட்டு, "அப்பா, அது இன்னும் காய். மேல இருக்க செதிலு தானா உதிரணும்னு கிருஷ்ணகுமார் அத்தான் சொன்னாங்கள்லா" என்றாள். "ஏட்டி, கதிரைப் பத்தி எனக்குப் பாடம் எடுக்கியா? போய்த் தலையைச் சீவு" என்று அனுப்பிவிட்டேன். கரியடுப்பில் வாட்டி, உப்பும் எலுமிச்சம்பழச் சாறும் மிளகாய்த்தூளும் தேய்த்து, மூன்று துண்டாக்கி, வாழையிலையில் நானே கொண்டுவந்து வைத்தேன்.

சுடலைச்செல்விக்கு அன்றைக்குப் பல்வலி, வேண்டாம் என்றுவிட்டார். பையன் கை நீட்டினான். அண்ணாச்சி, "அவனுக்கு உறைப்பு ஆகாது, எங்கிட்டத் தாரும்" என்று அதையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஒரு கடி கடித்தார். கண் லேசாகக் கலங்கியது. நான் பதறி, "உறைக்குதா அண்ணாச்சி?" என்றேன். அவர் பெருமையாகச் சிரித்து, "எனக்கா? வத்தலையே வெறும் வாயில மெல்லுத எனக்கு இதெல்லாம் எம்மாத்திரம்? நல்ல சுறுக்குன்னு இருக்கு!" என்று இன்னொரு கடி. வேறு யாராக இருந்தாலும் முதல் கடியிலேயே துப்பியிருப்பார்கள். உறைப்பில் தோற்கக்கூடாதென்று அந்த மனுஷன் ஒரு துண்டு முழுவதையும் மென்று விழுங்கி, அடுத்ததைக் கையில் எடுத்தார். எடுத்த கை அப்படியே நின்றது. முகம் வத்தல் நிறத்துக்கு வந்தது. வாயைத் திறந்தார். "ஙா" என்றார். அவ்வளவுதான். மறுபடியும் "ஙா". நாக்கு வாய் கொள்ளாமல் தடித்துப் போய்விட்டது.

அதன்பின் வீட்டில் நடந்ததை எழுத என் கை வரவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன், நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சுடலைச்செல்வி எழுந்து, "எங்க வீட்டு மனுஷனுக்கு என்னத்தைக் கொடுத்திய?" என்றார். மக்காச்சோளம் மாதிரி ஒன்று என்றேன். "மாதிரின்னா?" என்றார். உங்கள் அத்தை மோரைக் கொண்டுவந்து ஊற்றுகிறாள், "இது கருணைக்கிழங்கு நமைச்சல் மாதிரியில்லா இருக்கு" என்று புளியைக் கரைக்கிறாள், அண்ணாச்சி இரண்டு கையாலும் தொண்டையைப் பிடித்துக்கொண்டு எங்களை ஏச முயற்சி செய்கிறார், ஒரு எழுத்துகூட வரவில்லை. சுடலைச்செல்வி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "நீங்க ஒருத்தர்கூடத் திங்கலியே!" என்றார். நான் முதல் கதிர் வழக்கத்தைச் சொன்னேன். "முதல் கதிரு விருந்தாளிக்குன்னா, முதல் சாவும் விருந்தாளிக்குத்தானா?" என்று கேட்டார். நான் வாசலுக்கு ஓடி வண்டியைக் கூப்பிட்டேன்.

டாக்டரிடம் கொண்டு போனோம். ஊசி போட்டார், உயிருக்கு ஒன்றுமில்லை என்றார், குளிர்ந்த பாலை மட்டும் குடிக்கச் சொன்னார், வீக்கம் வடிகிறவரை பேசவே கூடாது என்றார். ஆஸ்பத்திரி வாசலில் இருந்தே அவர்கள் விளாத்திகுளம் போய்விட்டார்கள். நான் வீட்டுக்கு வந்தபோது வெற்றிலைத் தட்டு போட்ட இடத்திலேயே வாடிக் கிடந்தது.

நீங்கள் இப்போது, "மாமா, நான்தான் சொன்னேனே" என்று வாயெடுப்பீர்கள். சொன்னீர்கள். எப்படிச் சொன்னீர்கள்? வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு அனுப்பினீர்கள். அதை இப்போது காவியா கடைசிவரை போட்டுக் காட்டினாள். முதலில் அராசியே என்கிறீர்கள், பிறகு ஸ்பேடிக்ஸ் என்கிறீர்கள், ஸ்பேத் என்கிறீர்கள், கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள் என்கிறீர்கள். நான் அந்த இடத்தில் கடையில் வண்டி வந்துவிட்டதென்று அணைத்திருக்கிறேன். எல்லாம் முடிந்து, தண்ணீர் குடித்து, இருமி, அதற்கப்புறம், "ஆகவே பழுக்கும்வரை சாப்பிடக்கூடாது" என்கிறீர்கள். அதை முதலில் சொன்னால் உங்கள் பட்டத்தைப் பிடுங்கிவிடுவார்களா? "மாமா, இது சேம்புக்கும் கருணைக்கிழங்குக்கும் சித்தப்பா மகன்" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், இந்த ஊரில் புளி இல்லாமல் அதன் பக்கம் போக யாருக்காவது துணிச்சல் வருமா? உறவுமுறையைச் சொன்னால் எங்களுக்குப் புரியும் ஐயா. லத்தீனில் சொன்னால் எப்படிப் புரியும்?

இன்றோடு ஞாயிறு போய் வியாழனாயிற்று. விளாத்திகுளத்தில் இருந்து ஒரு பேச்சும் இல்லை. நான் போன் போட்டால் எடுப்பதில்லை. கடைக்கு வருகிறவன் போகிறவன் எல்லாம், "அண்ணாச்சி, இந்தக் கதிரு திங்கலாமா?" என்று மக்காச்சோளத்தைத் தூக்கிக் காட்டிச் சிரிக்கிறான். உங்கள் அத்தை என்னோடு பேசுவதில்லை, சோற்றை வைத்துவிட்டுத் தட்டை ஒரு தள்ளுத் தள்ளுகிறாள். அதெல்லாம் எனக்குப் பெரிதில்லை. காவியா மட்டும் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அன்றைக்குக் கட்டின புடவையை மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டு, வழக்கம்போலப் பள்ளிக்கூடம் போகக் கடம்பூர் பஸ்ஸுக்கு ஓடுகிறாள். அவளுக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது மாப்பிள்ளை. வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் பெற்றவனுக்குத் தெரியாதா? நல்ல வாழ்வு வாசல் வரைக்கும் வந்ததை நானே அடுப்பில் வாட்டித் தின்னக் கொடுத்து அனுப்பிவிட்டேன். நானே என்று எழுதிவிட்டேன். நீங்கள் என்று படித்துக்கொள்ளவும்.

ஆகவே முடிவாகச் சொல்கிறேன். இந்தக் கடிதம் கண்டவுடன் ஒரு வண்டி பிடித்து வந்து, அந்த ஓட்டை இலைச் செடியைத் தலையும் வாலும் வேரும் கயிறுமாகப் பெயர்த்து எடுத்துக்கொண்டு கோயம்புத்தூர் போகவும். போவதற்கு முன் விளாத்திகுளத்துக்கும் போய், இசக்கிதுரை அண்ணாச்சியின் முன்னால் நின்று, இது சதி இல்லை, செடியின் குணம்தான் என்று தமிழில் விளக்கவும். ஞாயிற்றுக்கிழமைக்குள் நீங்கள் வராவிட்டால் நானே வெட்டி ஆட்டுக்குப் போட்டுவிடுவேன். ஆடு என்ன ஆனாலும் பொறுப்பு உங்களுடையது. என் வீட்டில் இனிமேல் முருங்கையும் கறிவேப்பிலையும் தவிர வேறு பச்சை எதுவும் நிற்கக்கூடாது.

கோபத்தில் எழுதினாலும் மூத்தவன் வாயில் இருந்து வருவது வாழ்த்துதான். நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல், குறைவில்லாமல் இருக்க வேண்டும். ஜெயப்பிரியாவை வெயிலில் அலைய வேண்டாம் என்று சொல்லவும். உங்கள் பெற்றோருக்கு என் வணக்கத்தைத் தெரிவிக்கவும். இந்த விஷயத்தை மட்டும் தெரிவிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
மனம் நொந்த மாமனார்
த. தங்கப்பாண்டியன்

பின்குறிப்பு: மேற்படிக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டுவதற்குள் வாசலில் கார் வந்து நின்றது. சுடலைச்செல்வி, யோகராஜ், பின்னால் இசக்கிதுரை அண்ணாச்சி. நான் அடி வாங்கத் தயாராகத்தான் எழுந்து நின்றேன். அண்ணாச்சி ஒன்றும் பேசாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். வீக்கம் வடிந்துவிட்டதாம், ஆனால் டாக்டர் சொன்ன கெடு முடியவில்லையாம். சுடலைச்செல்விதான் என்னைப் பார்த்துப் பேசினார். "அண்ணாச்சி, நான் அன்னைக்குப் பேசினதை மனசுல வச்சுக்கிடாதிய. கல்யாணம் ஆகி வந்த நாள்ல இருந்து நான் ஒரு வாக்கியத்தை முழுசாச் சொல்லி முடிச்சதில்ல. இந்த நாலு நாளாத்தான் எங்க வீட்ல நான் பேசுதேன், இவிய கேக்காவ. எம் மகன் வாயைத் திறந்து, 'எனக்கு அந்தப் பொண்ணைப் பிடிச்சிருக்கும்மா'ன்னு சொன்னதும் இப்பத்தான். இவிய பேசிக்கிட்டு இருந்திருந்தா இவன் எந்தக் காலத்துல சொல்லியிருப்பான்?" என்றார். அண்ணாச்சி சம்மதத்தை வாயால் சொல்ல முடியாததால், உங்கள் அத்தை அவசரமாக வைத்த வெற்றிலைத் தட்டைத் தானே எடுத்து என் கையில் வைத்து என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வாய்ச்சொல் இல்லாமலே உறுதியாகிவிட்டது மாப்பிள்ளை. உங்கள் அத்தை என்னோடு பேச ஆரம்பித்துவிட்டாள். காவியா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள், இது நல்ல அழுகைதான்.

சீர் பற்றிக் கேட்டேன். சுடலைச்செல்வி, "பவுனு பாத்திரம்லாம் உங்க இஷ்டம். அந்தச் செடி மட்டும் பொண்ணோட எங்க வீட்டுக்கு வந்திரணும். எங்க வீட்லயும் தண்ணித்தொட்டிக்குப் பின்னால நிழலு இருக்கு" என்றார். அடுத்த கதிர் எப்போது வரும் என்றும் மெதுவாகக் கேட்டார். அண்ணாச்சி அவசரமாகத் தலையை ஆட்டி, கையை விரித்து என்னென்னவோ ஜாடை செய்தார். யாரும் கவனிக்கவில்லை.

பொண்ணுக்குச் சரின்னு உடனே சொல்லிட்டேன் மாப்பிள்ளை. செடிக்கு மட்டும் யோசிச்சுச் சொல்லுதேன்னேன். ஆகவே நீங்க வண்டி பிடிக்க வேண்டாம், அதுல யாரும் கை வைக்க வேண்டாம். அவிய போனப்புறம் போய்க் கொஞ்ச நேரம் அதுகிட்டயே நின்னேன். தொட்டி மேல ஏறி, சுவரைப் பிடிச்சு, நல்லாத்தான் வளந்திருக்கு. காவியா சொல்லுதா, முழுசையும் பெயர்க்க வேண்டாம்ப்பா, வேர் விட்ட கணுவோட ஒரு கொப்பை வெட்டிக் கொடுத்தா போதும், போன இடத்துல பிடிச்சுக்கிடும்னு. கத்தியைத் தீட்டி வச்சிருக்கேன், கை வரமாட்டேங்குது. எந்தக் கணுவுக்குக் கீழ வெட்டணும், அங்கன போய் அது வாடாம இருக்க என்ன செய்யணும், வெட்டின இடத்துல தாய்ச்செடிக்கு வலி எத்தனை நாள் இருக்கும், இதை மட்டும் எழுதுங்க. லத்தீன்ல எழுதினாலும் சரி, இந்தத் தடவை கடைசிவரை படிப்பேன்.